கறுப்பு-வெள்ளை ஒயர் எங்கே போகிறது?

பழைய பைக்கின் பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால் பலருக்கும் தலை சுற்றும். டேப் உரிந்த ஒயர் கட்டு, எங்கோ தொடங்கி எங்கோ தொங்கும் ரப்பர் டியூப்கள், நடுவில் யாரோ எப்போதோ முறுக்கிவிட்ட ‘டைரக்ட்’ ஒயர். எதை எதில் சொருக வேண்டும் என்று தேடுவதைவிட, ஒவ்வொன்றிலும் என்ன ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதே சுலபமான வழி.

1994-இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்வோம். ஹோண்டா வழக்கத்தில் பச்சை ஒயர் எர்த். சிவப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. கறுப்பில் சாவி போட்ட பிறகே மின்சாரம் வரும். இதை மனப்பாடம் செய்துகொண்டு யமஹா ஆர்எக்ஸ் 100-இல் கை வைத்தால் வம்புதான். அங்கே கறுப்பே எர்த். சாவிக்குப் பிறகு மின்சாரம் வருவது பழுப்பு நிறத்தில். சுஸுகியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஒயர் எர்த்.

அதே கறுப்பு-வெள்ளை ஒயருக்கு ஸ்ப்ளெண்டரில் வேறு வேலை. பழைய ஸ்ப்ளெண்டரின் இக்னிஷனுக்குப் பேட்டரி தேவையில்லை. இஞ்சின் சுற்றும்போது மேக்னெட் காயில் தரும் மின்சாரமே கறுப்பு-சிவப்பு ஒயர் வழியாக, பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ யூனிட்டுக்குப் போகிறது. எந்த நொடியில் பொறி விழவேண்டும் என்ற சிக்னல் நீல-மஞ்சள் ஒயரில் வருகிறது. அப்படியானால் சாவியைத் திருப்பினால் வண்டி எப்படி நிற்கிறது? இந்த இக்னிஷன் பாதையில் சாவி எதையும் துண்டிப்பதில்லை. கறுப்பு-வெள்ளை ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடுகிறது. பிளக்குக்குப் போகவேண்டிய சக்தி எர்த்தில் இறங்கிவிடும்.

ஆகவே இந்த ஒயர் அறுந்தால் சாவியை எடுத்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஹேண்டில் திரும்பும் கழுத்தருகே தோல் உரிந்து சேசிஸில் பட்டால், எத்தனை கிக் உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிடிஐ பக்கம் இந்த ஒரு ஒயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்தால் சிடிஐ நல்லபடி இருக்கிறது. கோளாறு ஒயரிலோ சாவி சுவிட்சிலோதான். இது தெரியாமல் நல்ல சிடிஐயைக் கழற்றிப் புதிது போடுவது தண்டச் செலவு.

எர்த்தையும் அலட்சியப்படுத்தக்கூடாது. 12 வோல்ட், 35 வாட் ஹெட்லைட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த எர்த் போல்ட்டில் அரை ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே வீணாகும். இழை பல்பின் வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். மல்டிமீட்டரோ ‘பீப்’ அடித்து இணைப்பு சரி என்று சொல்லும். அதனால் லைட்டை எரியவிட்டு, பல்பின் எர்த் முனைக்கும் இஞ்சின் பாடிக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அளப்பதே சரி.

டியூப்களில் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாதது கார்பரேட்டரிலிருந்து சும்மா தொங்கும் காற்று டியூப். மிதவை அறையில் வெளிக்காற்றின் அழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறும். டியூப் மடங்கினாலோ அடைத்தாலோ வண்டி கொஞ்ச தூரம் போய்த் திணறும். ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் டேங்கிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து இஞ்சினுக்கும் போகும் மெல்லிய டியூப்களைக் கழற்றினால், மாட்டிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியே தீரவேண்டும். இல்லாவிட்டால் ஆயில் போகாமல் பிஸ்டன் ஜாமாகும்.

எந்த ஒயரையும் டியூபையும் கழற்றும் முன் அதன் இரு முனைகளையும் செல்போனில் படம் எடுத்து, டேப் துண்டில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஃபியூஸ் இல்லாமல் யாரோ கொடுத்துவிட்டுப் போன ‘டைரக்ட்’ ஒயர் கண்ணில் பட்டால், அதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.