ஐந்தோடு முடியாத புலன்கள்

பொழியூர் போன்ற கடலோரச் சிற்றூர்களில் அலையிரைச்சலும் மீன் ஏலக் குரலும் பழகிய ஒலிகள். அவ்வொலி கேட்டுக் காதைப் பொத்தி அலறும் குழந்தையும், மணலில் கால் வைக்க மறுக்கும் குழந்தையும் பிடிவாதக்காரர் என்று அடிபடுவதுண்டு. அது பிடிவாதமன்று, நேயர்களே!

மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தை நாம் அறிவோம். இவற்றோடு, உட்செவி தரும் சமநிலை உணர்வும், தசையும் மூட்டும் தரும் உடல்நிலை உணர்வும் உள்ளன. இச்செய்திகளை ஒழுங்குபடுத்துவதில் சில குழந்தைகளின் மூளை இடர்ப்படுகிறது என்னும் கருத்தை, அமெரிக்கச் செயல்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் அம்மையார் 1972-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

வீட்டில் செய்யத் தக்கவை யாவை? பள்ளிக்குப் புறப்படுமுன் சிறு குடத்தில் நீர் சுமத்தல், ஈரத்துணியை முறுக்கிப் பிழிதல், மாவு பிசைதல், ஊஞ்சலில் மெல்ல ஆடுதல் ஆகியவற்றை நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்விக்கலாம். மணலுக்கு அஞ்சும் குழந்தைக்கு முதலில் தட்டில் சிறிது உலர்மணல்; விரல்நுனி பழகியபின் உள்ளங்கை; அதன்பின் பாதம். குழந்தை விலகினால் நிறுத்துக. வற்புறுத்தல் அச்சத்தையே வளர்க்கும்.

இம்முறை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் பயன் தருவதன்று. ஆதலின் முதலில் கண்ணையும் செவியையும் சோதிப்பித்து, பின்னர்த் தேர்ந்த சிகிச்சையாளரை நாடுக. திருவனந்தபுரம் ஆக்குளத்தில், 1997-இல் தொடங்கப்பெற்ற தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. பிரம்பை எடுக்குமுன், குழந்தை எதற்கு அஞ்சுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சிகிச்சையாளருக்கு அக்குறிப்பே பேருதவியாகும்.