ஓடிய படம் மறந்து போச்சு! ஓடாத படம் ஊரை ஆளுது!

மதுரைக்காரர்கள் கொடுக்கும் "சாகாவரம்"

மதுரை,

ஒரு படம் 100 நாள் ஓடுகிறது. ஊரெல்லாம் போஸ்டர். கட்-அவுட்டுக்கு மாலை, பாலாபிஷேகம். பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தின் பேரைச் சொன்னால், "அப்படி ஒரு படம் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள்.

இன்னொரு படம் இரண்டே வாரத்தில் பெட்டிக்குத் திரும்புகிறது. வினியோகஸ்தர் தலையில் துண்டு. ஆனால் இருபது வருஷம் கழித்தும் அந்தப் படத்துக்காக டீக்கடை பெஞ்சில் சண்டை நடக்கிறது!

இது என்ன மாயம்?

இப்படிப்பட்ட படத்தை இன்றைய இளவட்டங்கள் "கல்ட் கிளாசிக்" என்கிறார்கள். "கல்ட்" என்றால் ஒன்றின் மேல் பக்தி கொண்ட கூட்டம் என்று பொருள். படம் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. பிடித்தவனுக்கு அது உயிராக இருக்க வேண்டும்!

சினிமாவும் சோறும் ஒன்று என்று நினைக்கும் மதுரையில் இந்தக் கதை ரொம்பப் பழசு. அதன் விவரம் வருமாறு:-

தியேட்டர் கட்டிய படம்

1937-ல் வந்தது "சிந்தாமணி". எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த படம். எடுத்தவர்கள் மதுரை ராயல் டாக்கி கம்பெனியார். ஒரே தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்ற பேர் அதற்கு உண்டு. அதில் கிடைத்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரையே கட்டி, "சிந்தாமணி" என்று படத்தின் பேரையே வைத்தார்கள்!

1952 தீபாவளிக்கு "பராசக்தி" படத்தோடு திறப்பு விழா கண்டது தங்கம் தியேட்டர். 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் மார் தட்டிய இடம் அது.

1958-ல் "நாடோடி மன்னன்" வெற்றி விழாவை மதுரை தமுக்கத்தில் கொண்டாடினார்கள். எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் பரிசு!

சிந்தாமணியும் தங்கமும் இன்று இல்லை. ஆனால் அந்தப் படங்களின் பேர் அழியவில்லை. பஸ்சில் பெரியவர்கள் இடம் அடையாளம் சொல்லும்போது கூட, "அப்போ இங்கேதான் தியேட்டர் இருந்துச்சு" என்று படத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இவை எல்லாம் வந்த வேகத்திலேயே ஜெயித்த படங்கள். படுத்த பிறகு எழுந்த படங்களின் சங்கதி வேறு.

படுத்தது... எழுந்தது!

1954-ல் ஏவி.எம். எடுத்த "அந்த நாள்". டைரக்டர் எஸ்.பாலசந்தர். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. சிவாஜி கணேசனுக்குத் தேசத் துரோகி வேஷம். "பாட்டு இல்லாமல் ஒரு படமா?" என்று அன்றைய ஜனங்கள் முகம் சுளித்தார்கள். இன்று தமிழ் சினிமாவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

2003 பொங்கலுக்கு விக்ரம் நடித்த "தூள்" சக்கைப்போடு போட்டது. அதே பொங்கலுக்கு வந்த கமலஹாசன்-மாதவன் நடித்த "அன்பே சிவம்" நஷ்டம். புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டு சென்னைக்கு வரத் தவிக்கும் இரண்டு பேர் கதை. சண்டைப்படம் பார்க்க வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை.

அப்புறம் டி.வி.யில் போட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படத்தில் ஓர் இடத்தில் சுனாமி என்றால் என்ன என்று கமல் விளக்குவார். படம் வந்த மறு வருஷம், 2004 டிசம்பர் 26-ந் தேதி, நிஜமாகவே சுனாமி வந்து கடற்கரையை வாரிக்கொண்டு போனது. "அன்னைக்கே சொன்னாருய்யா!" என்று இன்றும் ஆச்சரியப்படுகிறார்கள்.

2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் "ஆயிரத்தில் ஒருவன்" படமும் அப்படித்தான். தப்பிப் போன சோழ வம்சம் கண்காணாத இடத்தில் பசியோடு காத்திருக்கும் கதை. பாதிப் பேர் "புரியலையே" என்றார்கள். 2021 டிசம்பர் 31-ந் தேதி மறுபடி ரிலீஸ் செய்தபோது, புரியவில்லை என்ற பேச்சே இல்லை. விசில் சத்தம்தான்!

அமெரிக்காவிலும் இதே கூத்து

1975-ல் வந்த "ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ" என்ற ஆங்கிலப் படம் முதலில் தோல்வி. மறு வருஷம் நியூயார்க்கில் ஒரு தியேட்டரில் நடுராத்திரிக் காட்சியாகப் போட்டார்கள். படத்தில் வருகிறவர்கள் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேசினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை.

ஆக, ஊர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். வசூல் ஒரு படத்தை ஓட வைக்கும். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறவன்தான் அதை வாழ வைப்பான். வசனத்தை அவன் தன் வீட்டுப் பேச்சாக்கிக்கொள்கிறான். "நீ பார்க்கலையா? வா, உட்காரு" என்று அடுத்தவனையும் இழுத்து வருகிறான்.

சுப்பிரமணியபுரம்

மதுரையின் சொந்தச் சரக்கு என்றால் அது 2008 ஜூலை 4-ந் தேதி வந்த "சுப்பிரமணியபுரம்" தான். நகரின் தெற்கே இருக்கும் ஒரு பேட்டையின் பேரே படத்தின் பேர். சசிகுமாருக்கு முதல் படம். கதை, டைரக்ஷன், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவரே.

ஜெயில் வாசலில் கத்திக்குத்தோடு படம் ஆரம்பம். பிறகு கதை 1980-க்குப் போகிறது. பெல்பாட்டம், தாடி, குழாய் ஸ்பீக்கர், கோவில் திருவிழா. "கல்லுக்குள் ஈரம்" படத்துப் பாட்டு. தியேட்டரில் ரஜினியின் "முரட்டுக்காளை". அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் வாலிபத்தைத் திரையில் பார்த்தார்கள். அப்போது பிறக்காத பையன்களோ பார்க்காத காலத்துக்காக ஏங்கினார்கள்!

இந்திப் பட டைரக்டர் அனுராக் காஷ்யப், 2012-ல் எடுத்த "கேங்ஸ் ஆப் வாசேப்பூர்" படத்தின் ஆரம்பத்தில் பாலா, அமீர், சசிகுமார் ஆகிய மதுரை மூவருக்கு நன்றி போட்டார். பீகார்-ஜார்க்கண்ட் பக்கத்து ரவுடிக் கதைக்கு மதுரை வழி காட்டியது!

அரிவாளா? எச்சரிக்கையா?

இங்கேதான் ஒரு சிக்கல்.

வேலை இல்லாத பையன்களைப் பதவி ஆசை பிடித்த ஒரு குடும்பம் கொலைக்கு ஏவிவிடுகிறது. காரியம் முடிந்ததும் ஜெயிலில் கைவிடுகிறது. நம்பிய பெண்ணே காட்டிக்கொடுக்கிறாள். கூடவே சோறு தின்ற நண்பனே காசுக்கு விற்கிறான். கத்தி எடுத்த ஒருத்தனும் உருப்படவில்லை. இதுதான் படம் சொன்ன பாடம்.

ஆனால் அதன் பிறகு வந்த பல படங்கள் பாடத்தை விட்டுவிட்டன, அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டன. மதுரை என்றாலே வெட்டு, குத்து என்று வெளியூர்க்காரன் நினைக்கிற அளவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். "நாங்க என்ன தினமும் அரிவாளோடயா அலையறோம்?" என்று இந்த ஊர்க்காரர்கள் நொந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது.

படத்தின் மேல் பக்தி வைக்கிறவனுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. தாடியையும் பெல்பாட்டத்தையும் மட்டும் காப்பி அடித்தால் அது வெறும் வேஷம். கடைசி ரீலையும் ஞாபகம் வைத்திருந்தால்தான் அந்தப் படத்துக்கு மரியாதை.

மீண்டும் கூட்டம்

2023 ஆகஸ்டு 4-ந் தேதி "சுப்பிரமணியபுரம்" மறுபடி தியேட்டருக்கு வந்தது. 2024 ஏப்ரலில் விஜய்யின் "கில்லி" வந்தது. மதுரையில் பிரகாஷ்ராஜிடம் இருந்து திரிஷாவைக் காப்பாற்றிக்கொண்டு ஓடும் அதே 2004-ம் வருஷத்துப் படம்தான். டி.வி.யில் நூறு தடவை பார்த்தவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். கதை தெரியாமலா போனார்கள்?

"டேய் மாப்ளே, இப்ப அந்த சீன் வருது பாரு!" என்று பக்கத்து சீட்டுக்காரன் தோளைத் தட்டுவதற்காகத்தான் போனார்கள்.

போஸ்டரில் "மாபெரும் வெற்றிச் சித்திரம்" என்று யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். "கல்ட்" என்ற பட்டத்தை மட்டும் தயாரிப்பாளர் அச்சடிக்க முடியாது.

அதைக் கொடுக்கிறவன், பத்து வருஷம் கழித்தும் தோளைத் தட்டுகிற அந்த ரசிகன்தான்!