உறையும் உரையும்

பாயிரம் இல்லாத நூல் எத்துணை விரிந்ததாயினும் நூலாகாது என்பது நன்னூலார் துணிபு. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர் ஆகியவற்றை முன்னரே உணர்த்துதல் பாயிரத்தின் கடன். இசைத்தட்டின் உறையும் அத்தகையதொரு பாயிரமே என என்னை எண்ண வைத்தவன் என் மாணவன் ஒருவன்.

ஜெயபுரத்தில் என் வீட்டு விறாந்தையில் இருந்து பாடங்கேட்டவன், கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். எம்.ஐ.ஏ. என வழங்கும் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் வெளியிட்ட ‘அருளர்’ என்னும் இசைத்தொகுப்பின் உறை அது. நடுவே அவர் முகம். சுற்றிலும் பல வண்ணங்களில் தாங்கிகள், துவக்குகள், குண்டுகள்.

“ஐயா, அப்பா சொல்லிச் சொல்லி அழுகிற தாங்கியைக் கோலம் மாதிரிக் கீறியிருக்கிறார்களே, இது சரியா?” என்றான்.

2008இல் அந்த ஓசைக்கு அஞ்சி இவ்வூரை விட்டகன்றவர்களுள் யானும் ஒருவன். உடனே விடை கூற இயலவில்லை.

ஒரு காலத்தில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறுந்தாள் உறைகளிலேயே விற்கப்பட்டன. 1940இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தின் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் இசைத்தொகுப்பின் உறைக்கு ஓவியந் தீட்டினார். அதன்பின் இசை கண்ணுக்கும் விருந்தாயிற்று. 1967இல் பீற்றில்ஸ் குழுவினர் ‘சார்ஜன்ற் பெப்பர்’ தொகுப்பின் உறையில், கற்பனை வாத்தியக் குழுவொன்றின் பளபளக்கும் சீருடையணிந்து, உலகறிந்தோர் பலரின் உருவங்களுக்கு முன்னே நின்றனர். அக்கூட்டத்தில் பரமஹம்ச யோகானந்தர் முதலிய இந்திய யோகியரும் உளர். உள்ளே ஜோர்ஜ் ஹரிசன் இந்திய வாத்தியங்களோடு பாடிய பாடலும் உண்டு. உறை கூறியதை இசை மறுக்கவில்லை. மறு ஆண்டிலேயே அவர்கள் ஏறக்குறைய வெறும் வெண்மையான உறையை வெளியிட்டனர். ஆரவாரம் போதும் என்பதும் ஓர் அறிவித்தலே அன்றோ?

இவ்வளவைக்கொண்டு ‘அருளர்’ உறையை நோக்கினேன். ஓவியக் கல்லூரியில் பயின்ற அப்பாடகி, அட்டையை வெட்டி அதன் துளையூடே வண்ணந் தெளிக்கும் தெருவோர முறையைக் கையாண்டார். ஓர் உருவே மீண்டும் மீண்டும் பதியும். உள்ளிருக்கும் பாடல்களும், சிறியதொரு தாளப் பொறியில் ஒரே அடியை மீண்டும் மீண்டும் ஒலிப்பித்துப் பிறந்தவை. தொகுப்பின் பெயரோ தந்தையாரின் இயக்கப் பெயர். 2010இல் வந்த ‘மாயா’ உறையிலோ யூரியூப் ஓடுபட்டிகள் அவர் முகத்தை மறைத்தன. உள்ளே இயந்திர இரைச்சல். இரண்டிடத்தும் பாயிரமும் நூலும் பொருந்தியே நிற்கின்றன.

ஆகவே மாணவனுக்குச் சொன்னேன்: “தம்பி, அந்த உறை பொய்யன்று. இளமையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, போரினால் இலண்டனுக்கு ஏதிலியாய்ச் சென்ற ஒருத்தியின் நினைவு அது. ஆயினும் தொலைவிலிருந்து கேட்போர்க்குத் தாங்கி ஒரு சித்திரம். உன் அப்பாவுக்கு அது சித்திரமாகாது. உன் சினமும் பொய்யன்று.”

பின்னர், “எங்கள் ஊர்ப் பாட்டுக்கு நீ உறை கீறினால் எதைக் கீறுவாய்?” என வினவினேன்.

சற்றே சிந்தித்தான். “மிதிவெடி அபாயமென்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, ஐயா. அதற்கு அப்பால் மாடு மேயாத உயர்ந்த புல்.”

“உள்ளே என்ன பாட்டு?”

“அதை இனித்தான் எழுதவேணும்,” என்றான்.