அந்தக் காலத்துச் சுவருக்கு சிமெண்ட் சட்டையா?

பழைய வீட்டுக்காரர்களே, கொத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்!

திருவல்லிக்கேணியிலோ, மயிலாப்பூரிலோ, ஜார்ஜ் டவுனிலோ உங்களுக்குப் பழைய வீடு இருக்கிறதா? அப்படியானால் இன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்யுங்கள்.

தெருப்பக்கத்துச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். "டொக், டொக்" என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் பயமில்லை. வெறும் பானையைத் தட்டினாற்போல் "டம்... டம்..." என்று வந்தால் காரை சுவரை விட்டுக் கழன்றுவிட்டது. அடுத்த மழையில் அது யார் தலையில் விழுமோ, தெரியாது!

உடனே மேஸ்திரிக்கு ஆள் அனுப்புவீர்கள். அவரும் வருவார். அண்ணாந்து பார்ப்பார். காலால் அடிச்சுவரை ஒரு உதை உதைப்பார்.

"என்ன மேஸ்திரி, தேறுமா?"

"தேறும் சார். பழைய காரை மொத்தத்தையும் கொத்தி எறிஞ்சிட்டு சிமெண்ட் பூசிடலாம். இருபது வருசத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேணாம்!"

அங்கேதான் ஆரம்பிக்கிறது வினை.

ரெயின்கோட்

சிமெண்ட் புழக்கத்துக்கு வருவதற்கு முன் கட்டிய வீடுகள் இவை. மெல்லிசான நாட்டுச் செங்கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்து அல்லது வெறும் மண், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இந்த வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. தரையில் உள்ள ஈரத்தைச் செங்கல் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பது போல மேலே இழுக்கும்.

இழுத்த ஈரம் என்ன ஆகும்? சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே வந்து வெயிலில் காய்ந்துவிடும். பருத்திச் சட்டை வியர்வையை வாங்கிக்கொள்வது மாதிரிதான்.

சிமெண்ட் பூச்சு கதை வேறு. ஈரத்தை அவ்வளவு லேசில் வெளியே விடாது. சித்திரை வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? சுவருக்கும் அதே கதிதான்.

வெளியே போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் திரும்பும். கூடத்துச் சுவரில் உப்புப் பூக்கும். பீரோவுக்குப் பின்னால் பெயிண்ட் பொரியும். "வெளியே புதுசாப் பூசினோமே, உள்ளே ஏன் இப்படி?" என்று வீட்டம்மா கேட்பார். பதில் சொல்ல மேஸ்திரி இருக்கமாட்டார்!

இன்னொன்று. பழைய சுவர் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமெண்ட் முரட்டு ஆசாமி. அசையாது, வெடிக்கும். அந்த மயிரிழை வெடிப்பில் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் திரும்பாது. கடைசியில் பூச்சு பாளம் பாளமாக விழும்போது, செங்கல் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக் காரை போனால் காரை மட்டும் போகும். சிமெண்ட் போனால் செங்கல்லும் போகிறது.

வாசல் பக்கம் டைல்ஸ் ஒட்டி "எலிவேஷன்" செய்கிறார்களே, அதுவும் இதே தப்புதான். பார்க்க ஷோக்காக இருக்கும். உள்ளே சுவர் ஊறிக்கொண்டே இருக்கும்.

கடுக்காய்

"சுண்ணாம்பா? அதெல்லாம் யார் சார் இப்போ செய்யறாங்க?" என்பார்கள்.

சேப்பாக்கம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். 1768ல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டியது. அதில் உள்ள கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது நினைவிருக்கும். பிறகு அதைப் பழுதுபார்த்தபோது பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையைத்தான் கையில் எடுத்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை விட்டுக் குழைத்த காரை!

கொட்டை நீக்கிய கடுக்காயை நசுக்கி, வெல்லத்தோடு சில நாள் ஊறப்போட வேண்டும். கடுக்காய் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். சுண்ணாம்பை நீற்றி, ஒரு பங்குக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் சேர்த்து நன்றாக அரைக்க வேண்டும். முன்பு மாடு கட்டி செக்கில் அரைத்தார்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சிமெண்டைவிட இதில் கூலியும் நாளும் கூடத்தான் பிடிக்கும். வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டை விற்கப் போகிறவருக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்று தோன்றலாம். இருந்து வாழப் போகிறவர் யோசிக்கட்டும்.

ஏற்கனவே சிமெண்ட் பூசித் தொலைத்தாகிவிட்டதா? கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் உளியை வைக்காதீர்கள். செங்கல் உடையும். "டம்" என்று சத்தம் வரும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும். செங்கல்லோடு சிமெண்ட் சாந்து வைத்தே கட்டிய வீடாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், சிமெண்டே பூசலாம்.

முதலில் தண்ணீர்!

எதைப் பூசினாலும், தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் பூசினால் காசு வீண். மாடியிலிருந்து வரும் குழாய் உடைந்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? கன்றை மேலோடு கிள்ளினால் போதாது. மறுபடி தழைக்கும். வேரோடு எடுக்க வேண்டும், நாலு செங்கல் கழன்றாலும் சரி.

அப்புறம் ரோடு. போட்டதன் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் ரோடு திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டது. படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது படி இறங்கிப் போகிறார்கள். தெருத் தண்ணீர் நேராக அடிச்சுவரில்தான் நிற்கிறது. இதற்கு எந்த மேஸ்திரியிடமும் மருந்து இல்லை. தெருக்காரர்கள் ஒன்று சேர்ந்து, பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு போடு என்று மாநகராட்சியிடம் கேட்டால்தான் உண்டு.

சாரம் கட்டிப் பழைய காரையைக் கொத்தியதும், அன்றைக்கே பூச விடாதீர்கள். சுவர் அம்மணமாக நிற்கும் அந்த நாளில்தான் அதன் நோய் தெரியும். சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? விரல் நுழையும் வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் பூச்சை நிறுத்திவிட்டு என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அது காரையால் தீரும் வியாதி அல்ல.

நல்ல சுவரானால் இடுக்கில் உதிர்கிற சாந்தைச் சுரண்டி, தூசி போகக் கழுவி, நனைத்துவிட்டுப் பூசலாம். தை, மாசி தோதான மாதங்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். அவசரம் ஆகாது. வெயில் நேராக அடிக்காமல் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். இறுகியபின் மேலே வெள்ளைச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால், கழற்றிய ரெயின்கோட்டை மறுபடி மாட்டியது போலத்தான்!