உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைக்கு 18 வயதானாலும் அம்மா காப்பாளராகலாம்

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளானாலும், 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் காப்பாளர் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. வங்கியிலோ பத்திரப்பதிவிலோ சிக்கல் வந்த பிறகே பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. கவலை வேண்டாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, பெற்றோரே சட்டப்பூர்வக் காப்பாளராகலாம்.

இதே சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டின் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது. அறுவை சிகிச்சைக்கு மட்டுமல்ல, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்ற தெரபிகளுக்கும் இதில் பணம் கோரலாம். மாதாமாதம் குடும்பத்தின் கையைக் கடிப்பவை இந்தச் செலவுகள்தானே!

எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை முதலில் அணுகலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இயங்குகிறது.