"உம்மா, நான் கார் ரேஸ் ஓடப் போறன்!"

இராச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மகன் சோற்றைப் பிசைந்தபடியே மெதுவாக ஆரம்பிக்கிறான்:

"உம்மா, இந்த வருஷம் நானும் கார் ரேஸ் ஓடப் போறன். நீங்கதான் வாப்பாட்ட சொல்லணும்."

உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "ஏலாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றுகிறது. அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் சகோதரிகளே, வயது வந்த பிள்ளையின் ஆசை ஒரு சொல்லோடு அடங்கிவிடுவதில்லை. களத்தில் ஓடக் கிடைக்காத வேகத்தை நள்ளிரவில் பொது வீதியில் ஓடித் தீர்க்கும் பிள்ளைகளையும் நாம் காணாமலில்லை. ஆகவே மறுப்பதானாலும் சம்மதிப்பதானாலும் விபரம் தெரிந்துகொண்டு பேசுங்கள். கார்ப் பந்தயம் ஆண்பிள்ளைகளின் கராஜ் விவகாரம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அதில் செலவாவது உங்கள் வீட்டுப் பணம். அதில் உட்காருவது உங்கள் பிள்ளை.

இந்த விளையாட்டு நம் நாட்டுக்குப் புதிதல்ல. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் ஆரம்பமானது. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுரவின் கஜபா போன்ற மண் தரைப் பந்தயங்களின் பெயர்களும் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

எல்லாப் பந்தயமும் ஒன்றல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மேலே செல்கின்றன. போட்டி கடிகாரத்தோடுதான். மண் தரைப் பந்தயத்திலோ பல கார்கள் ஒரே நேரத்தில் புழுதிக்குள் பாய்கின்றன. புதிதாக இறங்கும் ஒருவனுக்கு முதலாவதுதான் பொருத்தமான பள்ளிக்கூடம். இடிப்பதற்குப் பக்கத்தில் இன்னொரு கார் இல்லை என்பதே பெரிய நன்மை.

பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

மகனிடம் ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் வேலை, காபரேட்டர், சைலன்சர், அலோய் றிம், காரில் ஒட்டும் ஸ்டிக்கர் என்று அது நீளும். கடைசியில், இடமிருந்தால், தலைக்கவசம் வரும். அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதலில் வர வேண்டியது இரும்புக் கூண்டு. கார் உருண்டால் கூரை தலைமேல் நசுங்காதபடி உள்ளே குழாய்களால் கட்டுவது அது. அலங்காரத்துக்கு வளைத்த தண்ணீர்க் குழாய் இதற்கு உதவாது. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதிப்படி, சாரதிக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையம் பொருத்தில்லாத உருக்குக் குழாயாக, 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டதாக இருக்க வேண்டும். "இந்தக் குழாயின் அளவென்ன?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டாலே, கராஜ்காரர் இரண்டாம் முறை யோசிப்பார்.

அடுத்தது ஆசனமும் பட்டியும். நாம் வழக்கமாகப் போடும் மூன்று முனைப் பட்டி போதாது. தோள், இடுப்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் ஆறு முனைப் பட்டி வேண்டும். பட்டியில் தைத்திருக்கும் சிட்டையில் காலாவதி ஆண்டு இருக்கும். வெயிலும் வியர்வையும் நூலைத் தின்றுவிடும் என்பது தையல் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தலைக்கவசத்தில் ஏமாறாதீர்கள். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் வேறு, கார்ப் பந்தயத் தலைக்கவசம் வேறு. பின்னதன் உட்புறத் துணி இலகுவில் தீப்பிடிக்காது. இரும்புக் கூண்டில் தலை மோதுவதையும் கருத்திற்கொண்டு அதைச் சோதித்திருப்பார்கள். யாரோ பாவித்துக் கீழே போட்ட கவசத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க விடாதீர்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நொறுங்கியிருக்கலாம்.

உடையையும் கவனியுங்கள். அடுப்படியில் நைலோன் சாரியோடு நிற்கக் கூடாதென்று நம் மூத்தவர்கள் சொல்வார்களே, அதே நியாயம்தான் இங்கும். நைலோன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீயைத் தாங்கும் மேலுடையும் அதனுள்ளே அதே வகை உள்ளாடையும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் உள்ளே தனிப் பருத்தியாவது இருக்கட்டும்.

கழுத்தைப் பற்றி ஓர் உண்மைக் கதை. அமெரிக்கப் பந்தயச் சாரதி ஜிம் டவுனிங் 1981 இல் ஒரு நண்பரை விபத்தில் இழந்தார். உடல் பட்டியில் நின்றுவிட, தலை மட்டும் முன்னே பாய்ந்து மண்டையோட்டின் அடி முறிந்திருந்தது. டவுனிங்கின் மச்சான் றொபேட் ஹபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர், உடல் அடிபடும் விதத்தை ஆராய்ந்தவர். இருவரும் சேர்ந்து தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் 'ஹான்ஸ்' என்ற கழுத்துக் காப்பை உருவாக்கினார்கள். பாரமென்றும் இடைஞ்சலென்றும் பல சாரதிகள் அதை வருடக்கணக்காக ஒதுக்கினார்கள். 2001 இல் புகழ்பெற்ற சாரதி டேல் ஏர்ன்ஹாட் அதே வகை முறிவால் இறந்தார். 2003 முதல் ஃபோர்மியுலா வண் பந்தயங்களில் அது கட்டாயமானது. "இது இல்லாமலும் ஓடலாம் உம்மா" என்று மகன் சொல்வானானால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சில வீடுகளில் உம்மாவின் காப்பு அடகுக்கடைக்குப் போய்த்தான் இந்தக் காரியமே ஆரம்பிக்கிறது. நகையை அடகு வைத்து, கடன்பட்டு ஓட வேண்டிய விளையாட்டல்ல இது. அப்படியும் உங்கள் காப்பு போவதானால் அது அவனுடைய கழுத்தைக் காக்கப் போகட்டும். எஞ்சினுக்குப் போக வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. நுழைவுக் கட்டணம், காரை ஏற்றிச் செல்லும் லொறிக் கூலி, டயர், பெற்றோல், திருத்த வேலை எல்லாவற்றையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதி பொதுவாகப் பந்தயச் சேதத்துக்குப் பணம் தராது. ஆகவே காரை முழுதாக இழந்தாலும் வீட்டுச் சீவியம் ஆடக் கூடாது. குடும்பத்துக்குள்ள ஒரே காரையும், லீசிங் முடியாத காரையும் களத்தில் இறக்க வேண்டாம்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் கார் 100 கிலோமீற்றரை எட்டினால் வேகம் இரு மடங்கு. ஆனால் அதை நிறுத்தும்போது பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அத்தனையும் சூடாக மாறுகிறது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டொட் 4' வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஊறிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி எழும். மிதித்த கால் பஞ்சில் மிதித்தது போல் இறங்கும். கார் நிற்காது. சில ஆயிரம் ரூபா எண்ணெயில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. பருவம் தொடங்குமுன் அதை மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.

தீயணைக்கும் கருவி, வெளியிலிருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இழுத்துச் செல்லும் கொழுக்கி ஆகியவையும் இருக்க வேண்டும். பந்தயத்துக்கு முன் அதிகாரிகள் காரைச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் பிழை கண்டால் மகன் கோபப்படுவான். நீங்கள் சந்தோஷப்படுங்கள்.

உங்களால் செய்யக்கூடியது

மூடிய காருக்குள், தடித்த உடையோடு, நம் நாட்டு வெயிலில் ஓடுவதென்றால் உடம்பு நீரைக் கொட்டிவிடும். களைத்த மூளைதான் பிழை விடும். முதல் நாள் இரவு கராஜில் விழித்திருந்து எஞ்சின் பூட்டியவனைக் காலையில் ஓட விடாதீர்கள். தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, நல்ல நித்திரை என்று நீங்கள் பிள்ளைக்குக் காலமெல்லாம் சொல்லி வந்தவைதான் இங்கும் பாடம்.

கொடிகளையும் நீங்களே பாடமாக்கிக் கொடுக்கலாம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டுவிட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்பு என்றால் நீ வெளியே வா. சமையலறையிலிருந்து "மஞ்சள்?" என்று நீங்கள் கேட்டால், யோசிக்காமல் மறுமொழி வர வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களும் கவனம்

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி ஓரத்தில் நின்றவர்கள் மேல் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். 20 க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. அவர்கள் எவரும் அந்தக் காரை ஓட்டியவர்களல்லர்.

ஆகவே மகன் ஓடுவதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகளோடு போனால், வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்க வேண்டாம். கட்டுப்பாடிழந்த கார் போவது அந்தப் பக்கம்தான். உறுதியான தடுப்புக்குப் பின்னால், உயரமான இடத்தில் தூரமாக நில்லுங்கள். கயிறும் நாடாவும் தடுப்பல்ல. மகனும் இந்தச் செய்தியை அறிந்திருக்க வேண்டும். அவன் கையிலிருக்கும் ஸ்டியரிங்கில் அவனுடைய உயிர் மட்டும் இல்லை.

மகள் கேட்டால்?

கேட்கலாம். சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனமோட்டும் உரிமை 2018 ஜூனில் கிடைத்தது. அதே ஆண்டில் ரீமா ஜுஃபாலி என்ற சவூதிப் பெண் அபுதாபியில் பந்தயம் ஓடினார். 2019 இல் பிரித்தானிய ஃபோர்மியுலா ஃபோர் போட்டிகளிலும் கலந்துகொண்டார். மகனிடம் கேட்ட கேள்விகளை ஒன்றும் விடாமல் மகளிடமும் கேளுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. முதல் பருவத்தில் வெற்றிக் கிண்ணம் கேட்காதீர்கள். தொடங்கிய ஓட்டத்தையெல்லாம் முடித்து, காரும் அவனும் முழுதாக வீடு வந்தால் அதுவே முதற்பரிசு. அதைவிட நல்ல அடையாளமும் ஒன்றுண்டு. களத்தில் பழகியவன், உங்களைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும்போது முன்னரைவிட மெதுவாக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுகிறானா என்று பாருங்கள். ஓட்டவில்லையென்றால் அடுத்த பருவத்துக்கு நீங்கள் வாப்பாவிடம் பேச வேண்டியதில்லை.