வீட்டுக்குள் ஓர் இருப்புப்பாதை

சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றி வரும் தகர ரயிலைத் திருவிழாக் கடைகளில் நாம் எல்லோரும் பார்த்திருப்போம். நான் இங்கு எழுதப் போவது வேறொன்றைப் பற்றி. உண்மையான ரயில் பாதை ஒன்றை அளவு மாறாமல் சுருக்கி, வீட்டின் ஓர் அறையில் அமைத்து, அதில் ரயில் ஓட்டும் கலைக்கு 'மாடல் ரயில்வே' என்று பெயர். மேல்நாடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்து வரும் பொழுதுபோக்கு இது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில் புனே நகரின் கோத்ருட் பகுதியில் பாவ்சாகேப் ஜோஷி என்ற அன்பர், தம் சொந்த ஆர்வத்தால் வளர்த்த சிறு ரயில்களைக் கொண்டு 1998-இல் ஒரு காட்சியகமே திறந்தார். புனே செல்லும் அன்பர்கள் குழந்தைகளோடு அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

நான் டிப்ளமா முடித்துத் தென்னக ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன். 2003 ஏப்ரல் முதல் தேதி தென்மேற்கு ரயில்வே உருவானபோது பெங்களூர் கோட்டம் அதில் சேர்ந்தது. அங்கேயே பணி ஓய்வு பெற்றேன். இப்போது சிவாஜிநகர் வீட்டில், ஒரு சுவரை ஒட்டிய பத்தடிப் பலகையில் என் ரயில் ஓடுகிறது. உண்மையான பாதைக்கு உள்ள விதிகள் அத்தனையும் இந்தச் சின்னப் பாதைக்கும் பொருந்தும் என்பது என் அனுபவம். அவற்றை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

எந்தப் பாதையை அமைப்பது?

முதலில் ஓர் உண்மையான பாதையைத் தேர்ந்தெடுங்கள். கற்பனை ஊர்களை விட, நமக்குத் தெரிந்த ஊர்கள் வரும் பாதையில் பிள்ளைகளுக்கு ஈடுபாடு அதிகம். என் தேர்வு ஜோலார்பேட்டை முதல் பெங்களூர் கண்டோன்மென்ட் வரை. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1864-இல் திறந்த பாதை இது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் தண்டுப் பகுதிக்கு வந்து இறங்கியது இந்த வழியாகத்தான். பங்காரப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிரியும் கிளைப்பாதை 1894-இல் வந்தது. சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் கதை அந்தக் கிளையோடு கலந்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்து தினமும் வேலைக்காகப் பெங்களூர் வந்து போகிறவர்களுக்கு அதே ரயில்தான் துணை.

அளவுக் கணக்கு

உலகில் அதிகமாகப் புழங்கும் அளவு 'எச்.ஓ.' என்பதாகும். உண்மையின் 87-இல் ஒரு பங்கு. ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை ஏறக்குறைய 140 கிலோ மீட்டர். 87-ஆல் வகுத்தாலும் 1,600 மீட்டர் வரும்! எனவே முழுப் பாதையும் யாராலும் வைக்க முடியாது. இரண்டு மூன்று நிலையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட தூரத்தை ஒரு குன்றின் பின்னாலோ, ஒரு பாலத்தின் அடியிலோ மறைத்துவிட வேண்டும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டி ஒன்றின் நீளம் 21.3 மீட்டர், எச்.ஓ. அளவில் இருபத்து நாலரை சென்டி மீட்டர். ஓர் இன்ஜினும் நான்கு பெட்டிகளும் சேர்ந்தால் ஒன்றேகால் மீட்டர் ஆகிவிடும். பிளாட்பாரம் அதைவிடக் குறையக் கூடாது. இடம் போதாதவர்கள் 160-இல் ஒரு பங்கான 'என்' அளவை நாடலாம்.

பாதையின் அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லி மீட்டர். அது 1,435 மி.மீ. பாதைக்கு உரிய அளவு. நம் பெங்களூர் மெட்ரோ ஓடுவது அந்த அகலத்தில்தான். ஆனால் இந்திய ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மி.மீ. கணக்குப்படி 19.3 மி.மீ. வேண்டும். ஏறக்குறைய மூன்று மில்லி மீட்டர் குறைவதை, தொடங்குகிறவர்கள் பொருட்படுத்த வேண்டாம். நான்கடி தள்ளி நின்று பார்த்தால் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம் ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஒரு காலத்தில் பங்காரப்பேட்டையிலிருந்து கோலார் வழியாகச் சென்ற குறும்பாதையின் அகலம் 762 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 8.8 வரும். 'என்' அளவுத் தண்டவாளத்தின் அகலம் 9 மி.மீ.! ஆகவே அந்தத் தண்டவாளத்தையே வாங்கிப் பக்கத்தில் போட்டால், அகலப்பாதையும் குறும்பாதையும் சந்தித்த பழைய பங்காரப்பேட்டை அப்படியே வந்துவிடும். அந்தக் குறும்பாதை பின்னாளில் அகலப்பாதையாக மாற்றப்பட்டுவிட்டது. இன்றைய பிள்ளைகள் அதை இப்படித்தான் பார்க்க முடியும்.

பலகையும் வளைவும்

12 மி.மீ. பிளைவுட் போதும். அடியில் மரச்சட்டம் அடித்து இறுக்க வேண்டும். பலகை வளைந்தால் பாதையும் வளையும். சுவரை ஒட்டிய பலகையின் அகலம் இரண்டடியைத் தாண்ட வேண்டாம். கடைசித் தண்டவாளத்தைக் கை எட்டித் தொட முடியாத இடத்தில் போட்டால், பெட்டி தடம் புரளும்போது எடுப்பது பெரும் பாடு. உயரம் வீட்டின் மிகச் சிறிய பிள்ளையின் மார்பளவு இருந்தால் நல்லது. ரயிலைக் கண்மட்டத்தில் பார்த்தால்தான் அது ரயிலாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் பொம்மையாகத் தெரியும்.

வளைவில்தான் பெரும்பாலோர் இடம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவின் ஆரம் 175 மீட்டர். எச்.ஓ. அளவில் இரண்டு மீட்டர்! வீட்டில் அதற்கு இடம் ஏது? பெட்டிச் செட்டுகளோடு வரும் வளைவுகள் 36 அல்லது 44 சென்டி மீட்டர் ஆரம் கொண்டவை. நீளமான பெட்டிகள் அவற்றில் திரும்பும்போது நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் நீட்டிக்கொண்டு நிற்கும். 60 சென்டி மீட்டராவது வைக்கப் பாருங்கள். முடியாத இடத்தில் கடும் வளைவைக் குன்றுக்குள் மறையுங்கள்.

இன்னொன்று. நேர்ப்பாதை முடிந்த இடத்திலேயே முழு வளைவும் தொடங்கக் கூடாது. பயணிக்குக் குலுங்காமல் இருக்க, நாங்கள் இடையில் மெல்ல மெல்ல இறுகும் ஓர் இணைப்பு வளைவு போடுவோம். வளையக்கூடிய நீளத் தண்டவாளம் கிடைக்கிறது. அதை வாங்கினால் கையாலேயே அந்த இணைப்பு வளைவைக் கொண்டுவரலாம்.

ஏற்றம்

ஜோலார்பேட்டை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் சுமார் 900 மீட்டர். வழி முழுக்க ரயில் ஏறிக்கொண்டேதான் வருகிறது. மாடலில் ஐம்பதுக்கு ஒன்று என்ற ஏற்றம் வசதியானது. முப்பத்து மூன்றுக்கு ஒன்றைத் தாண்டினால் இன்ஜின் சக்கரம் வழுக்கும். ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை கடக்க எட்டு சென்டி மீட்டர் உயரம் தேவை. ஐம்பதுக்கு ஒன்று என்றால் அதற்கு நான்கு மீட்டர் ஓட்டம் வேண்டும். இந்தக் கணக்கைப் பலகை அறுப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஜல்லியும் மின்சாரமும்

தண்டவாளத்துக்கு அடியில் 3 மி.மீ. கார்க் தகடு ஒட்டினால் சத்தம் குறையும். அதன் மேல் ஜல்லி. உண்மைப் பாதையின் ஜல்லி 65 மி.மீ. வரை பெரியது; 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லி மீட்டர், அதாவது நம் சமையலறை ரவை அளவு. ஆற்று மணலைக் கழுவி, காயவைத்து, சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். தூரிகையால் பரப்பி, பெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு சேர்க்காவிட்டால் கலவை மணலுக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும்.

இன்ஜினுக்குத் தேவை 12 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டு தண்டவாளங்களே கம்பிகள். மின்திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். தண்டவாள இணைப்புகளை மட்டும் நம்பினால், தூரம் போகப் போக மின்னழுத்தம் குறைந்து வண்டி தள்ளாடும். ஒவ்வொரு மூன்றடிக்கும் தனிக் கம்பியை சால்டர் செய்து, பலகைக்கு அடியில் ஓடும் தடித்த கம்பியோடு சேர்த்துவிடுங்கள். கம்பி, சுவிட்ச், சிறு விளக்கு எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வீட்டு மின்சாரத்தைப் பலகைக்கு அடியில் கொண்டுவரவே கூடாது. ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் நல்ல அடாப்டர் ஒன்றை வெளியே வைத்து, அதிலிருந்து குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

பிறகு மேம்படுத்த விரும்புகிறவர்களுக்கு 'டி.சி.சி.' என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 1990-களில் இதற்குப் பொது விதிகள் வகுத்தது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் உள்ளே ஒரு சிறு சில்லு. அதற்கென ஓர் எண். அந்த எண்ணுக்கு உத்தரவு கொடுத்தால் அந்த இன்ஜின் மட்டும் கேட்கும். ஒரே பாதையில் இரண்டு பிள்ளைகள் சண்டையில்லாமல் இரண்டு வண்டிகள் ஓட்டலாம். ஆனால் பாதை சரியில்லாமல் இதில் பணம் போடுவது வீண்.

பராமரிப்பு

நம் ரயில்வேயில் கீமேன் என்றொரு ஊழியர் உண்டு. தோளில் சுத்தியலும் ஸ்பானருமாகத் தமக்குரிய பகுதியைத் தினமும் நடந்தே பார்த்து வருவார். வெயிலோ மழையோ, அவர் நடக்கும் நடைதான் பயணிகளின் நிம்மதி. வீட்டுப் பாதைக்கும் ஒரு கீமேன் வேண்டும். வாரம் ஒருமுறை விரல் நுனியால் இணைப்புகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும்.

அடிக்கடி தடம் புரளும் பெட்டி இருந்தால், பாதையைக் குறை சொல்லுமுன் சக்கரத்தை அளக்க வேண்டும். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி, உண்மைப் பெட்டியில் 1,600 மி.மீ.; எச்.ஓ. பெட்டியில் சுமார் 14.5 மி.மீ. இது குறைந்தாலும் கூடினாலும் பாயிண்ட்ஸ் வரும் இடத்தில் பெட்டி இறங்கிவிடும். தண்டவாளத்தின் அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறல் விழுந்து, அதில் அழுக்கு முன்னிலும் அதிகமாகச் சேரும். ஓட்டாத நேரத்தில் ஒரு பழைய வேட்டியால் மூடிவைத்தால் தூசிக்குப் போதும்.

பெயர்ப்பலகைகள்

குன்றுக்குப் பழைய செய்தித்தாளும் கஞ்சிப்பசையும், கட்டிடத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைகளும் போதும். ஒரு கதவின் உயரம் 24 மி.மீ., நிற்கும் மனிதர் 19 மி.மீ. இந்த இரண்டு அளவையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே அமையும். மாலூருக்கு ஓட்டுச் சூளைகளும், தங்கவயலுக்குச் சுரங்க மண்மேடும் வைக்கலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது நிலையத்தின் மஞ்சள் பலகை. ஜோலார்பேட்டையில் முதல் எழுத்து தமிழ், குப்பத்தில் தெலுங்கு, பங்காரப்பேட்டையில் கன்னடம். என் பேத்தி பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. "இந்த போர்டை நீதான் எழுதணும் பாப்பா" என்றேன். "தாத்தா, 'ஜோ'வுக்குக் கொம்பு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்று, ஐந்து சென்டி மீட்டர் அட்டையில் 'ஜோலார்பேட்டை' என்று எழுதி முடித்தாள். கன்னடப் பலகையை என் உதவியே இல்லாமல் எழுதினாள். அடுத்த வாரம் சோமநாயக்கன்பட்டி எழுத வேண்டும் என்று அவளே பட்டியல் போட்டாள்.

வெளியூரில் வாழும் நமக்கு, பிள்ளைகளிடம் "தமிழ் படி" என்று சொல்வது சுலபம்; எதற்காக என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வதுதான் கடினம். எங்கிருந்து வந்தோம், எந்த வழியாக வந்தோம் என்பது அவர்கள் கைபட அமைத்த பாதையில் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு என் யோசனை: ஆறடிப் பலகை, ஒரு நிலையம், ஒரே ஒரு பாயிண்ட்ஸ், ஓர் இன்ஜின், இரண்டு பெட்டிகள். இவை மூன்று மாதம் தடம் புரளாமல் ஓடிய பிறகு அடுத்த நிலையத்தைப் பற்றி யோசியுங்கள். 2022 நவம்பரில் மைசூர்–சென்னை வந்தே பாரத் ஓடத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பாதையை உறுதியாகப் போடுங்கள். எந்த வண்டி வந்தாலும் அது தாங்கும்.